முன் அறை ரீச்சர் சொன்ன ஒரு சொல்

பொய் சொல்லாத ஒருவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பது லேசான காரியம் இல்லை. இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நாங்கள் கந்தசுவாமியாருக்கு முன்னால் நிற்கும்போதுகூடக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்கிறோம். அடுத்த திருவிழாவுக்குள் செய்து முடிக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு, அதற்கும் அடுத்த திருவிழாவுக்குத்தான் செய்கிறோம். சுவாமியும் பொறுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டு முன் அறையில் வாடகைக்கு இருந்த ரீச்சரிடம் அந்தக் கூட்டல் குறைத்தல் நடக்காது.

அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் விலங்கியல் படிப்பித்தவர். நிரந்தர வேலை இல்லை, வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. எங்கள் வீடு இணுவிலில். எனக்கு மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன் நான். மகள் ஆரணி பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த கையோடு ரீச்சர் வந்தார். கையில் ஒரு பெட்டி, மற்றக் கையில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் தண்ணீர் தளும்பிய சத்தம் கேட்டது.

"உதென்ன ரீச்சர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"மீன், தங்கச்சி."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. நாங்கள் மச்சம் புழங்கிறேல்லை."

"நான் தின்னக் கொண்டுவரேல்லை. உயிரோடைதான் இருக்கு."

அது உண்மைதான். அன்றிலிருந்து எங்கள் கிணற்றடியில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினும் அதற்குள் கடல்நீரேரியில் பிடித்த ஓரா மீன்களும் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் அள்ளப் பழகிக்கொண்டாள்.

சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முதல் கிழமையே மனைவி வழக்கம்போல, "கறி எப்பிடி ரீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். வாடகைக்கு இருப்பவர்கள் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். ரீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு. பிலாக்காய் வடிவா அவிஞ்சிருக்கு" என்றார். மனைவி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிலாக்காய்க் கறி அடிக்கடி வந்தது. அந்த வாயால் வந்த நல்ல சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

கோயிலுக்கும் எங்களோடு வருவார். தேர் நாளில் வெயிலில் நின்றவரிடம் ஒரு கிழவனார், "நல்லாக் கும்பிட்டனீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார் ரீச்சர். கிழவனார் என்னைப் பார்த்தார். நான் தேரைப் பார்த்தேன்.

மீன்களை ஏன் வளர்க்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். பேசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னார்.

"உங்கட இரத்தத்திலை ஒட்சிசனைச் சுமக்கிற சாமானும் இந்த மீனின்ரை இரத்தத்திலை சுமக்கிற சாமானும் ஒரு வம்சம், அண்ணை. முள்ளந்தண்டு உள்ள சீவன் எல்லாத்திலையும் அந்த வம்சம் இருக்கு. ஆதியிலை ஒரு மரபணுதான் இருந்தது. அது இரண்டாப் பிரதியாச்சு. பேந்தும் பிரதியாச்சு. பிரதியள் கொஞ்சம் கொஞ்சமா மாறி, ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலைக்குப் போட்டுது. ஒண்டு இரத்தத்திலை சுமக்குது. ஒண்டு தசைக்குள்ளை சேமிச்சு வைக்குது. ஒண்டு மூளைக்குள்ளை இருக்கு, அது என்ன செய்யுதெண்டு இன்னும் வடிவாத் தெரியாது. ஆர் ஆருக்குச் சகோதரம், எது எப்ப பிரிஞ்சு போனது எண்டதைத்தான் நான் தேடுறன்."

மனைவி துணி அலசிக்கொண்டே கேட்டாள். "ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கிறதும் இருக்கோ?"

"ஓம். கெட்டுப்போன பிரதியள். வேலையும் செய்யாது, இடத்தையும் விடாது."

"எங்கட சித்தப்பா மாதிரி."

"அவரைப் பற்றி எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார் ரீச்சர். பகிடிக்குக்கூட ஓம் சொல்லவில்லை.

அந்த மீன்களால்தான் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போனது. ஓரா மீனில் அந்த வம்சத்தின் ஒரு பிரதி அழிந்துபோய்விட்டது என்று எழுதி நல்ல பெயர் எடுத்திருந்தார். நேர்முகத்துக்குக் கொஞ்சம் முன்னர், அது அழியவில்லை, தான்தான் தவறவிட்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்தார். நேர்முகத்துக்குப் போனதும் முதல் கதையே அதுதான். வேலை வேறொருவருக்குப் போனது.

"ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே ரீச்சர். வேலை கிடைச்ச பிறகு ஆறுதலாச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மீனுக்குத் தெரியும், அண்ணை" என்றார். அவர் பகிடி விட்டதாக நான் அறிந்தது அந்த ஒரு தடவைதான். அது பகிடியா என்பதும் எனக்குச் சந்தேகம்.

ஆரணி பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்தாள். தூக்கினால் கை நோகும். மடிக்கு மடி மாறித்தான் வளர்ந்தாள். தவழத் தொடங்குகிற வயதில் பிள்ளை வெளிறத் தொடங்கியது. பால் குடித்தால் களைத்தது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. மாமி வந்து நாவூறு என்றார். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினோம். ஒரு நாள் பின்னேரம் ரீச்சர் பிள்ளையை வாங்கி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார்.

"அண்ணை, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. பிள்ளைக்கு இரத்தம் சோதிக்க வேணும். உங்கள் இரண்டு பேருக்கும் சேத்துச் சோதிக்கச் சொல்லுங்கோ."

"எங்களுக்கேன் ரீச்சர்?"

"நீங்கள் மச்சானும் மச்சாளும்."

என் மனைவி எனக்குச் சொந்த மாமன் மகள். அம்மாவின் கூடப்பிறந்த தம்பியின் பிள்ளை. சாதகத்தில் பொருத்தம் நன்றாக இருந்தது, சொத்தும் வெளியே போகவில்லை, ஊர் மெச்சிய கலியாணம். இரத்தம் பார்க்க வேண்டும் என்று எந்தச் சாத்திரியார் சொன்னார்?

சோதனை முடிவு தலசீமியா என்று வந்தது, இரத்தத்தில் ஒட்சிசன் சுமக்கிற அந்தச் சாமான் சரியாக உருவாகாத நோய். எங்கள் இருவரிடமும் குறை பாதியாக ஒளிந்திருந்ததாம். பாதி உள்ளவருக்கு ஒன்றும் தெரியாதாம். இரண்டு பாதியும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாதா மாதம் வேறு ஆட்களின் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு சேர்கிற இரும்பை உடம்பிலிருந்து இறக்க இன்னொரு மருந்து.

மாமி எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று குரலை உயர்த்தினார். "எங்கட பரம்பரையிலை ஒருத்தருக்கும் உப்பிடி ஒரு வருத்தம் இல்லை."

முன் அறையில் இருந்த ரீச்சரை யாரும் கேட்கவில்லை. அவராகவே வெளியே வந்தார். "நீங்கள் சொல்லுறது சரி அம்மா. உங்கட பக்கத்தாலை இல்லை. உங்கட அவரின்ரை பக்கத்தாலைதான். அவரும் அண்ணையின்ரை அம்மாவும் ஒரு வயித்துப் பிள்ளையளெல்லோ."

மாமாவும் அங்கேதான் கதிரையில் இருந்தார். எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு நெடுங்காலம் எங்கள் படலை திறந்து அவர் வரவில்லை. சொல்லப்பட்டது உண்மை. ஆனால் உண்மை வீட்டுக்குள் வந்தால் யாரோ ஒருவர் வெளியே போக வேண்டித்தான் இருக்கிறது.

பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளைக்கு ஏன் இடையில் வந்தது என்பதுதான் என் நெஞ்சைக் குடைந்த கேள்வி. ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரீச்சரைக் கேட்டேன்.

"உங்கட திருவிழா ஆர் செய்யிறது, அண்ணை?" என்று திருப்பிக் கேட்டார்.

எங்கள் கோயிலில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. எங்களுடையது அம்மாவுக்கும் மாமாவுக்கும் பொது. இரண்டு வீடும் சேர்ந்து செய்வோம். முந்தின நாள் திருவிழாக்காரர் செய்து முடித்துவிட்டு விலக, அடுத்த நாள் நாங்கள் பொறுப்பெடுப்போம். அதைச் சொன்னேன்.

"அதுபோலத்தான். வயித்துக்குள்ளை இருக்கிற காலத்துக்கு அந்த வம்சத்திலை ஒரு பிரதி வேலை செய்யும். தாயின்ரை இரத்தத்திலையிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்கிறதுக்கு அதுதான் கெட்டிக்காரன். பிறந்து கொஞ்ச மாதத்திலை அது விலகி, மற்றப் பிரதி பொறுப்பெடுக்கும். உங்கட பிள்ளையிலை முதல் ஆள் ஒரு குறையுமில்லாமல் செய்திட்டார். பொறுப்பெடுக்க வேண்டியவர்தான் வரேல்லை. தகப்பன் பக்கத்தாலையும் வரேல்லை, தாய் பக்கத்தாலையும் வரேல்லை." பிறகு, "உவமானம் முழுக்கச் சரியில்லை, அண்ணை. திருவிழாவிலை ஒரு நாளோடை மாறும். இது கொஞ்சம் கொஞ்சமா மாறும்" என்றார்.

"அப்ப வயித்துக்குள்ளையே இருந்திருந்தால்?"

"இரத்தத்துக்கு ஒரு குறையும் வந்திராது."

மனைவி இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி வந்தாள். பிள்ளை என் மடியில் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ரீச்சரை விடவில்லை. விலகினவரையே திரும்பவும் செய்யச் சொல்ல ஏலாதோ என்று கேட்டாள். சிலருக்குப் பிறந்த பிறகும் அது விலகாமல் வேலை செய்கிறது, அவர்கள் சுகமாக இருக்கிறார்கள், அதைத் திறக்கப் பார்க்கிற ஒரு மருந்தும் இருக்கிறது, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றார் ரீச்சர். எங்கள் பிள்ளைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. தென்துருவத்துப் பக்கம் ஒரு மீன் இருக்கிறது, அதில் இந்தச் சாமானே அழிந்துபோய் இரத்தம் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். மனைவி அதையும் நினைவில் வைத்திருந்தாள்.

"அந்த மீன் இது இல்லாமலே சீவிக்குதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கடல், தங்கச்சி. அந்தத் தண்ணியிலை ஒட்சிசன் கூடக் கரைஞ்சு கிடக்கும். எங்கட ஆக்களுக்கு அது சரிவராது."

"எல்லாத்துக்கும் ஒரு இல்லை வைச்சிருக்கிறியள்."

ஒரு தடவை பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும்போது நடுக்கம் பிடித்து, தாதிமார் ஓடித் திரிந்தார்கள். விறாந்தையில் மனைவி ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா" என்றாள். அதுவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டவள். "அக்கா, ஒண்டும் ஆகாதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட வாயாலை வந்தால் நான் நம்புவன்."

ரீச்சரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கையை இழுக்கவும் இல்லை. "எனக்குத் தெரியாததை எப்பிடித் தங்கச்சி சொல்லுறது" என்றார்.

நடுக்கம் அடங்கிப் பிள்ளை தப்பியது. ரீச்சர் அந்தக் கிழமையே தானும் இரத்தம் கொடுத்தார், பிறகும் விதிப்படி கொடுக்கக்கூடிய ஒவ்வொரு முறையும் கொடுத்தார், கம்பஸ் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவிக்கு அது தெரியும். என்றாலும் அந்தப் பிடித்த கையை அவள் மறக்கவில்லை. "இரத்தம் தந்தவ. ஒரு சொல்லுத் தரேல்லை" என்பாள். நான் பிள்ளைக்காகக் காவடி எடுத்து முதுகில் காயத்தோடு வந்த நாளில் நானும் ரீச்சரிடம் சோதித்துப் பார்த்தேன். முருகன் கைவிடமாட்டான் எண்டு சொல்லுங்கோ என்றேன். "அது எனக்குத் தெரியாது, அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். முதல் அந்தக் காயத்துக்கு மருந்து போடுங்கோ" என்றார்.

ஆரணிக்கு மட்டும் அவரில் உயிர். ஊசி போடும்போது நாங்கள் "நோகாது குஞ்சு" என்போம். ரீச்சர் "நோகும். மூண்டு எண்ண முடிஞ்சிடும்" என்பார். பிள்ளை எங்களிடம் கையைக் காட்டாது. அவரிடம்தான் நீட்டும். "ரீச்சர் பொய் சொல்ல மாட்டா" என்று நாங்களே அதற்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். மருந்து குடிக்க வைக்கவும் அதுதான் உதவியது.

பிள்ளை படித்தது, சிரித்தது, பாடியது. வளரவில்லை. வகுப்பில் கூடப் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பூப்பெய்திப் பெரிய பிள்ளையானார்கள். எங்கள் பக்கத்தில் சாமத்தியச் சடங்கு என்றால் சும்மா இல்லை. மண்டபம், மேடை, சீலை, நகை, படக்காரர், வீடியோ. அழைப்பிதழ் வர வர ஆரணி ஒவ்வொன்றாக எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே அடுக்கினாள். ஒரு சடங்கில், தோழிக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றாள். தோழி சீலையில் குமரி மாதிரி. இவள் சட்டையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. ஒரு சொந்தக்காரி பகிடியாக, "இவளை எப்ப நாங்கள் தண்ணி வாக்கிறது? தாய் சோறு போடுறேல்லையோ?" என்றாள். மனைவி பந்தியில் இருந்து எழும்பிவிட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் ஆங்கிலம் கலந்து சொன்னதை ரீச்சர் வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார். ஆரணி தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். இரும்பு, மூளைக்கு அடியில் இருக்கிற சின்னச் சுரப்பியில் போய்ப் படிந்துவிட்டது. பிள்ளையைப் பெரிய பிள்ளையாக்க வேண்டியது அதுதான். "தானா வராது. ஊசி போட்டுப் பாக்கலாம் எண்டுறார். முதல் இருதயத்தைப் பாக்கவேணுமாம், அங்கையும் இரும்பு சேருது. ஊசி போட்டாலும் வருமெண்டு அவர் சொல்லேல்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை" என்றார். எங்களிடம் அப்படித்தான் சொன்னார். வழக்கம்போல, உள்ளதை உள்ளபடி.

அந்த வருடம் அவருடைய வேலையைப் புதுப்பிக்கவில்லை. வேறு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. போகிற நாள் காலை, மீன்களைக் கடல்நீரேரியில் விட்டுவிட்டு வந்து, முன் அறையில் நிலத்தில் இருந்து புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆரணி அவருக்கு முன்னால் இருந்து கயிற்றின் நுனியைப் பிடித்துக் கொடுத்தாள். நான் வாசலில். மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அறைக்கும் குசினிக்கும் இடையில் பாதிச் சுவர்தான்.

"ரீச்சர்."

"என்னம்மா."

"எனக்கும் சாமத்தியச் சடங்கு வருமோ?"

ரீச்சர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. இந்த மனுசி இப்போது சொல்லிவிடப்போகிறது, போகிற நாளில் என் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத்தான் போகப்போகிறது என்று நினைத்தேன். தடுக்க வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தேன்.

"ஓம். வரும்" என்றார் ரீச்சர்.

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

ஆரணி கயிற்றை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. நான் உள்ளே போனேன். மனைவி துருவலையில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"கேட்டனீங்களோ? அவ பொய் சொல்லிப்போட்டா."

"பிள்ளைக்காகத்தானே" என்றேன்.

"நான் கையைப் பிடிச்சுக் கேக்கேக்கை சொல்லேல்லை. அப்ப அவவுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை இருந்திருக்கு. இண்டைக்குப் பொய் சொல்லுறா எண்டால் இனி ஒண்டும் இல்லை எண்டுதானே அர்த்தம்." அழவில்லை. பாதித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஓட்டோவில் பெட்டியை ஏற்றும்போது ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, நான் பிள்ளைக்குச் சொன்னது பிழை. அந்த முகத்துக்கு முன்னாலை என்னாலை ஏலாமல் போச்சு. நீங்கள் பிறகு பக்குவமா விளங்கப்படுத்திவிடுங்கோ."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் முழுதாக விழுங்க முடியவில்லை. இத்தனை வருடம் எங்களுக்கு ஒரு பொய் தராதவர், தந்த ஒன்றையும் எங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போகிறார். அவர் விலக, நாங்கள் பொறுப்பெடுக்க வேண்டும். "ஓம் ரீச்சர்" என்றேன். ஓட்டோ ஒழுங்கையால் திரும்பியது. பிறகு நான் அவரைக் காணவில்லை.

விளங்கப்படுத்தவில்லை. இருதயம் இன்னும் தேறவில்லை என்று ஊசியைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள். ஆரணி சீலைக்கு நிறம் தெரிவு செய்துவிட்டாள், மயில்கழுத்து நிறம். மேடையில் யார் யார் நிற்பது என்றும் ஒழுங்கு செய்துவிட்டாள். அந்தச் சொந்தக்காரி திரும்பவும் ஏதோ சொன்னபோது நிமிர்ந்து நின்று, "எனக்கு வரும். ரீச்சர் சொன்னவ. ரீச்சர் பொய் சொல்ல மாட்டா" என்றாள். பிறகு எங்களைப் பார்த்தாள், "ஓமெல்லோ அம்மா?" என்று. மனைவி ஓம் என்று தலையாட்டினாள். நாங்கள் சொன்ன ஆயிரம் பொய்யில் ஒன்றையும் நம்பாத பிள்ளை.

போன வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படியேறக் களைத்தாள், பிடித்துக்கொண்டேன். பூசை நேரம் கண்ணை மூடி நின்று கேட்டேன். கந்தா, எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, நாங்கள் உன் முன்னாலேயே மாற்றிக் கதைக்கிற சனம். ஆனால் அந்த மனுசி ஆயுள் முழுக்க உள்ளதை மட்டும் சொன்னது. வேலை போனபோதும் சொன்னது, பகை வந்தபோதும் சொன்னது. அந்த வாயிலிருந்து வந்த ஒரு சொல் இது. அவரைப் பொய்காரி ஆக்காதே. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

திருநீறு வாங்கிப் பிள்ளையின் நெற்றியில் பூசினேன்.

"கன நேரமாக் கும்பிட்டியள். என்னப்பா கேட்டனீங்கள்?"

"உன்ரை படிப்பைத்தான் பிள்ளை" என்றேன். எனக்கு அது லேசாக வரும்.